இருபது நிமிடக் காவல்

பி53 என்ற புரதம் திசுவில் எங்கே இருக்கிறது என்று பார்க்க நோய்க்குறியியல் ஆய்வகங்களில் ஒரு முறை உண்டு. திசுவை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளை இட்டுச் சாயம் ஏற்றுவார்கள். புரதம் சேர்ந்திருக்கும் உட்கருக்கள் பழுப்பாகும், மற்றவை நீலமாகவே நிற்கும். நல்ல திசுவில் அந்தப் பழுப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கொன்று இங்கொன்றாக, ஒன்று சற்று அழுத்தமாக, இன்னொன்று பலமுறை துவைத்து வெளுத்த கறையின் நிறத்தில், பெரும்பாலும் ஒன்றுமே இல்லாமல் இருக்கும். சினைப்பையில் வரும் உக்கிரமான வகைப் புற்றின் சீவலில் பெரும்பாலும் உட்கரு ஒன்றுவிடாமல் கரும்பழுப்பு. பி53 புற்றை உண்டாக்குகிற புரதம் என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அது புற்றைத் தடுப்பது. மரபணுத் தொகுதியின் காவலன் என்று 1992-இல் டேவிட் லேன் அதற்குப் பெயர் சூட்டினார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. காவல் ஒழுங்காக நடக்கும் இடத்தில் காவலனைக் காணோம். கொள்ளை போன வீட்டில் அறைக்கு அறை நிற்கிறான். இதற்கான விளக்கம் பாடநூல்களில் இருக்கிறது, படித்தும் விட்டேன். விளக்கம் புரிந்த பிறகும் உறுத்தல் போகாததுதான் இதை எழுதக் காரணம்.

என் அத்தையின் திசுப் பரிசோதனை அறிக்கையில் பி53 பற்றி ஒரு வரி இருந்தது. அது என்ன என்று கேட்டார். காவலன் கதையைச் சொன்னேன். “காவக்காரன் அத்தன பேரு நிக்கிறான்னா நல்லதுதானேப்பா, அதுக்கு ஏன் டாக்டர் முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டாரு?” என்றார். கேள்வியில் ஒரு குறையும் இல்லை. அதே காட்சியைப் பார்த்து அறிவியல் பத்தாண்டு காலம் எதிர்ப்பக்கமாக முடிவு செய்திருந்தது. 1979-இல் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸ் உருமாற்றிய உயிரணுக்களில் இந்தப் புரதத்தைப் பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டன. புற்று உள்ள இடத்தில் இது குவிந்து கிடந்ததால் புற்றுக்கு இதுவே காரணம் என்று கொண்டார்கள். ஆய்வகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட மரபணுப் பிரதிகளில் பல ஏற்கெனவே பழுதுபட்டவை என்பது பின்னால்தான் தெரிந்தது. 1989-இல் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் பெருங்குடல் புற்றுகளில் பி53 மரபணுவின் ஒரு பிரதி தொலைந்தும் மற்றது பழுதாகியும் இருப்பதைக் காட்டிய ஆண்டில் குற்றவாளி காவலனானான். இன்றைய நோய்க்குறியியலாளர் அந்தத் தகட்டை வேறு விதமாகப் படிக்கிறார். எங்கும் கரும்பழுப்பாக இருந்தாலும் கேடு, பழுப்பே அறவே இல்லாமல் துடைத்துவிட்டது போலிருந்தாலும் கேடு. திட்டுத்திட்டாக, ஒழுங்கற்று, மங்கலாக இருப்பதற்குத்தான் இயல்பு என்று பெயர். ஒரு நல்ல பொருள் அதிகமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது என்ற நம் அன்றாடக் கணக்கு இந்தத் தகட்டின் முன் செல்லாது.

இயல்பான உயிரணு பி53-ஐ உண்டாக்காமல் இருப்பதில்லை. ஓயாமல் உண்டாக்குகிறது, ஓயாமல் அழிக்கிறது. இப்போது உருவானதில் பாதி சுமார் 20 நிமிடத்தில் இருக்காது. 393 அமினோ அமிலங்களைச் செலவு செய்து கோத்து, மடித்து, உட்கருவுக்குள் அனுப்பி, ஒரு வேலையும் வாங்காமல் உடைத்துப் போடும் இந்த ஊதாரித்தனம் எதற்கு? அழிப்பதற்கும் செலவு உண்டு என்பது இன்னும் விசித்திரம். கோத்த மணியை அவிழ்க்க ஆற்றல் எதற்கு என்றுதான் எவருக்கும் தோன்றும்; செரிமான நீர் இறைச்சியைக் கரைக்க எரிபொருள் கேட்பதில்லை. ஆனால் எலியின் கல்லீரல் துண்டுகளில் புரதம் சிதைவதற்கு ஆற்றல் தேவைப்படுகிறது என்று 1953-இலேயே மெல்வின் சிம்ப்சன் காட்டிவிட்டார். அந்தப் புதிரை ஹைஃபாவின் டெக்னியான் நிறுவனத்தில் ஆவ்ரம் ஹெர்ஷ்கோவும் அவர் மாணவர் ஆரோன் சீகனோவரும், ஃபிலடெல்ஃபியாவில் இர்வின் ரோஸும் எழுபதுகளின் கடைசியில் பிரித்தார்கள். முழுச் சிவப்பணுவாக முதிராத முயல் இரத்த அணுக்களை உடைத்து எடுத்த சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, திரும்பச் சேர்த்து, எதில்லாமல் சிதைவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போன வேலை அது. எஞ்சியது 76 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு புரதம். யுபிக்விட்டின். ஈஸ்டில் உள்ளதற்கும் நம்மிடம் உள்ளதற்கும் 3 இடங்களில்தான் வேறுபாடு. அழிய வேண்டிய புரதத்தின் மேல் இது ஒட்டப்படுகிறது, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. அந்தச் சங்கிலியைக் கண்டு புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரம் புரதத்தை உள்ளே இழுத்துத் துண்டாக்குகிறது. யுபிக்விட்டின் மட்டும் கழற்றப்பட்டு அடுத்த வேலைக்குத் திரும்புகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் சாலையை அகலப்படுத்தும்போது முதலில் ஒருவர் வந்து வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் குறி போட்டுவிட்டுப் போவார். அவர் இடிப்பதில்லை. பிறகு ஜேசிபி ஓட்டி வருகிறவர் யார் வீடு, என்ன வழக்கு என்று விசாரிப்பதில்லை. சிவப்பு எதுவரை என்று மட்டும் பார்ப்பார். உயிரணுவிலும் தீர்ப்பும் தண்டனையும் இப்படித்தான் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. குறி போடும் வரிசையில் முதல் கட்டத்துக்கு மனிதரிடம் 2 நொதிகள், இரண்டாம் கட்டத்துக்கு ஏறக்குறைய 40, எந்தப் புரதம் என்று தேர்ந்துகொள்ளும் மூன்றாம் கட்டத்துக்கு 600-க்கும் மேல். ஆற்றல் செலவாவது இடிப்பதற்கு மட்டுமல்ல, தேர்ந்தெடுப்பதற்கும் சேர்த்துத்தான்.

பி53-ஐத் தேர்ந்து குறி போடுவதில் முதன்மையானது எம்டிஎம்2 என்ற புரதம். இது பி53-ஐப் பற்றிக்கொள்கிறது என்பது 1992-இலும், அழிவுக்கு அனுப்புகிறது என்பது 1997-இலும் தெளிவாயிற்று. இங்கேதான் என் உறுத்தலின் மையம் இருக்கிறது. எம்டிஎம்2-ஐ உருவாக்கும் மரபணுவை முடுக்கிவிடுவது பி53 தான். தன்னை ஒழிக்கும் கையைத் தானே வரவழைக்கிறது. கூடக் கூட அந்தக் கையும் கூடுகிறது. ஆகவே தானும் குறைகிறது. பழுதான பி53 ஏன் பழுப்பாகக் குவிகிறது என்பதற்கு விடையின் பெரும்பகுதி இதிலேயே உண்டு. அதற்கு மரபணுக்களை முடுக்கும் திறன் போய்விட்டது, எனவே தன் அழிவை அழைக்கும் திறனும் போய்விட்டது. வேலை செய்ய முடியாததனால் அது சாகாமல் நிற்கிறது. ஊதாரித்தனம் என்று சொன்னேனே, அதற்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது. டிஎன்ஏ அறுந்த கணத்தில் புதிதாக மரபணுவைப் படித்து, புரதம் கோத்து, ஆள் சேர்ப்பதற்கு நேரமில்லை. உற்பத்தி எப்போதும் நடந்துகொண்டிருந்தால் அழிப்பதை நிறுத்தினால் போதும். அறுப்பை உணரும் நொதிகள் பி53-இலும் எம்டிஎம்2-இலும் ஒரு பாஸ்பேட்டை இங்கும் அங்கும் ஒட்டிப் பிடியைத் தளர்த்துகின்றன, பி53 ஏறத் தொடங்கிவிடுகிறது. ஏறியது அப்படியே நிற்பதும் இல்லை. வைஸ்மன் நிறுவனத்தில் 2004-இல் உயிருள்ள உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்தபோது, பி53 ஏறி, எம்டிஎம்2-ஐ அழைத்து, இறங்கி, மறுபடி ஏறுவது தெரிந்தது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்தாறு மணி நேரம். கதிர்வீச்சு கூடினால் அலையின் உயரம் கூடவில்லை, அலைகளின் எண்ணிக்கையே கூடியது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை உயிரணு எத்தனை முறை என்று கணக்கிடுகிறது.

இதை நீதிக்கதையாக்கிவிடும் ஆசை உடனே வரும். அதிகாரம் உள்ளவன் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆளைத் தானே நியமிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடலாம், மேடையில் கைதட்டலும் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பி53-க்குத் தியாகம் தெரியாது, எம்டிஎம்2-க்கு வன்மம் தெரியாது. ஒரு பள்ளத்தில் மூன்று அமினோ அமிலங்கள் பொருந்துகின்றன, அவ்வளவே. ஆனாலும் காவலன் என்ற படத்தை விட்டுவிட்டும் இதை யோசிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தோடு போனால் சரியாக எங்கே இடறுகிறோம் என்று கவனிப்பதுதான் மிஞ்சும் வழி. காவலன் என்றதும் அவன் நன்மை அவனுக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். அவனைக் கொல்பவன் பகைவன் என்றும். 1995-இல் இரண்டு குழுக்கள் எம்டிஎம்2 இல்லாத சுண்டெலிகளை உருவாக்க முயன்றன. பகைவன் ஒழிந்தான், காவலன் தடையில்லாமல் நின்றான், கருக்கள் கருப்பையில் பதியும் பருவத்திலேயே மடிந்தன. பி53-ஐயும் சேர்த்து நீக்கியதும் குட்டிகள் பிறந்தன. அவற்றுக்குப் பின்னால் புற்று வந்தது வேறு கதை. அழிப்பவன் இல்லாத காவலனோடு ஒரு கரு ஒரு வாரம்கூட வாழ முடியாது. இருவருமே இல்லாமல் சில மாதங்கள் வாழலாம். இப்படியொரு பரிசோதனைக்குப் பிறகு நன்மை என்பதை எந்தப் புரதத்தின் பெயரில் பதிவு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பாப்பிலோமா வைரஸ் இதை நமக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தது என்று சொன்னால் மறுபடி கதையாகிவிடும். அது செய்வதை மட்டும் பார்க்கலாம். கருப்பை வாயின் மேல்தோலில், பெருகுவதை நிறுத்திக்கொண்டு மேலே உதிரப்போகிற உயிரணுக்களில் அதற்குத் தன் டிஎன்ஏ-வைப் படியெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காக அவற்றை மறுபடி பெருக்கத்துக்குத் தள்ளுகிறது. அந்த முறைகேட்டை உணர்ந்து பி53 ஏறும். ஏறவிடாமல் செய்ய வைரஸ் புதிதாக எந்த ஆயுதமும் கொண்டுவரவில்லை. இ6 என்ற அதன் சிறு புரதம், நம் உயிரணுவிலேயே குறி போடும் வேலை பார்க்கும் வேறொரு நொதியைப் பிடித்து, பி53 பக்கம் திருப்பிவிடுகிறது. அந்த நொதிக்கு இயல்பில் பி53-ஓடு தொடர்பே இல்லை. நரம்பணுக்களில் அது இல்லாமல் போனால் பேச்சும் நடையும் பாதிக்கும் ஏஞ்சல்மன் நோய் வருகிறது. குறி போடுபவர் மாறினார், ஜேசிபி வழக்கம்போல் வந்தது. 1990-இல் இது வெளியானபோது, ஹரால்ட் சூர் ஹவுசன் கருப்பை வாய்ப் புற்றில் எச்பிவி 16, 18 வகைகளைக் கண்டு ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹீலா உயிரணுக்கள் உலகமெங்கும் குடுவைகளில் வளர்கின்றன, இளஞ்சிவப்பு ஊடகத்தில். அவை பெருகப் பெருக அமிலம் ஏறி ஊடகம் மஞ்சளாகும், ஊற்றிவிட்டுப் புதிது விட வேண்டும். 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸின் கருப்பை வாயிலிருந்து அவரைக் கேட்காமல் எடுக்கப்பட்டவை அவை. எச்பிவி 18 அவற்றின் டிஎன்ஏ-வுக்குள் புதைந்திருக்கிறது. அவற்றின் பி53 மரபணுவில் பழுது இல்லை, உற்பத்தியும் நிற்கவில்லை. உருவாக உருவாகக் குறி விழுகிறது. புரதங்களைப் பிரித்து எடுக்கும் பட்டையில் பி53 வர வேண்டிய இடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். 2000-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அந்த உயிரணுக்களில் வைரஸின் மரபணுக்களை அடக்கிப் பார்த்தார்கள். பி53 ஏறியது, அரை நூற்றாண்டாக நிற்காமல் பெருகி வந்த உயிரணுக்கள் பெருக்கத்தை நிறுத்தி முதுமைக்குள் போயின. காவல் அங்கே ஒருநாளும் இல்லாமல் போகவில்லை, அதற்கு நேரம்தான் கொடுக்கப்படவில்லை. வைரஸுக்குப் புற்றினால் ஆதாயமும் கிடையாது; புற்றாகிவிட்ட உயிரணுவிலிருந்து அது வெளியேறிப் பரவ வழியில்லை. இத்தனை பெண்களின் சாவு அதற்கு ஒரு பக்க விளைவு என்பதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

இதுவரை சொன்னதில் காவலன் குறி வாங்குகிறவனாக இருந்தான். காவலனே குறி போடுகிறவனாகவும் இருக்கலாம் என்பதால் என் கணக்கு மேலும் குழம்புகிறது. 1904-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஃபான் ஹிப்பெல் விழித்திரையிலும், 1926-இல் சுவீடனின் லிண்டவ் சிறுமூளையிலும் இரத்தக் குழாய்க் கட்டிகளை விவரித்தார்கள்; இரண்டும் ஒரே பரம்பரை நோய். 1993-இல் அகப்பட்ட அதன் மரபணு உருவாக்கும் விஎச்எல் புரதம் ஒரு குறி போடும் குழுவின் உறுப்பு. அது தேர்வது எச்ஐஎஃப் என்ற புரதத்தை. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது எச்ஐஎஃப்பின் ஒரு புரோலினில் ஓர் ஆக்சிஜன் அணு ஏற்றப்படுகிறது. அதைத் தொட்டுணர்ந்துதான் விஎச்எல் குறி போடும், எச்ஐஎஃப் சில நிமிடங்களில் போய்விடும். மூச்சு முட்டும்போது அந்த அணு ஏறுவதில்லை, எச்ஐஎஃப் நிற்கும், புதிய இரத்தக் குழாய்களை அழைக்கும். இதற்காகக் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. விஎச்எல் தொலைந்த சிறுநீரக உயிரணு, சுற்றிலும் ஆக்சிஜன் ததும்பும்போதும் மூச்சுத் திணறலில் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. குழாய்களை வரவழைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டியை அறுத்தால் கொழுப்பேறிப் பொன்மஞ்சளாக இருக்கும், நடுநடுவே இரத்தம் கசிந்திருக்கும். தகட்டில் வைத்துப் பார்க்கும்போது கொழுப்பெல்லாம் வேதிக் கழுவலில் கரைந்துபோய் உயிரணுக்கள் வெற்றறைகளாகத் தெரியும். பி53-இன் கதையில் அழிப்பு மிகுந்தது கேடு. இங்கே அழிப்பு நின்றது கேடு. ஒன்றில் நல்லவர் கொல்லப்படுகிறார், மற்றதில் நல்லவர் கொல்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நல்லவர் என்ற இடத்தை ஆளுக்குத் தராமல் வேகத்துக்குத் தந்தால் இரண்டும் ஒரே கதையாகின்றன: குறிப்பிட்ட ஒன்று குறிப்பிட்ட நேரத்தில் போக வேண்டும், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க வேண்டும்.

இந்த எண்ணத்துக்குச் சான்றாக நான் திரும்பத் திரும்பப் போவது 2002-இல் வெளிவந்த இரண்டு சுண்டெலி ஆய்வுகளுக்கு. அமெரிக்காவில் ஒரு குழுவிடம், அளவுக்கு மீறி விழிப்பாயிருக்கும் பி53 கொண்ட எலிகள் உருவாகியிருந்தன. அவற்றுக்குப் புற்று குறைவாகவே வந்தது. ஆனால் சீக்கிரம் கிழடு தட்டியது. முதுகு கூனியது, எலும்பு உளுத்தது, தோல் மெலிந்தது, காயம் ஆற நாளானது, ஆயுளும் குறைந்தது. ஸ்பெயினில் இன்னொரு குழு பி53 மரபணுவை அதன் சுற்றுப்புறக் கட்டுப்பாடுகள் அனைத்தோடும் சேர்த்து ஒரு பிரதி கூடுதலாகக் கொடுத்தது. அந்த எலிகளுக்கும் புற்று குறைந்தது, முதுமையோ வழக்கமான காலத்தில்தான் வந்தது. முன்னதில் காவல் ஓயவில்லை; பின்னதில் கூடுதல் காவலனும் மற்றவர்களைப்போலவே உருவாக உருவாக அழிந்துகொண்டிருந்தான். ஆபத்து வந்தபோது எல்லோரையும்விடச் சற்று வேகமாக ஏறினான், பிறகு இறங்கிப்போனான். எம்டிஎம்2-இன் பள்ளத்தை அடைத்து பி53-ஐ விடுவிக்கும் நட்லின் போன்ற மூலக்கூறுகள் 2004-இல் வந்தபோது எழுந்த உற்சாகம் பெரிது. அந்த வழியில் வந்த மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்தபோது இரத்தத் தட்டணுக்கள் சரிந்தன. கட்டியில் மட்டுமல்ல, எலும்பு மச்சையிலும் காவலன் விடுபட்டுவிடுகிறான். கூட்டுவது நம் கைக்கு வருகிறது, இறக்குவது வரவில்லை.

குறி போடும் வேலையையே கையில் எடுக்கும் மருந்துகளும் வரத் தொடங்கிவிட்டன. 2001-இல் குரூஸ், டெஷைஸ் குழுவினர், ஒரு முனை அழிக்க வேண்டிய புரதத்தையும் மறுமுனை குறி போடும் நொதியையும் பற்றும் இருமுனை மூலக்கூறு ஒன்றைச் செய்து காட்டினார்கள். இப்போது அவ்வகையில் பலவும் பயன்படுத்துவது, சிறுநீரகத்தில் நாம் பார்த்த அதே விஎச்எல்லை. இ6 செய்வதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை, நோக்கத்தில்தான். எனக்குத் தாலிடோமைடு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்ப்பிணிகள் குமட்டலுக்கு விழுங்கிய அந்த மாத்திரை, செரிப்ளான் என்ற குறி போடும் புரதத்தைத் திசைதிருப்பியது என்று 2010-க்குப் பிறகுதான் விளங்கியது. கரு கைகால் அமைத்துக்கொள்ளும் ஏறக்குறைய இரண்டு வார காலத்தில், அதற்குத் தேவையான புரதங்களுக்குக் குறி விழுந்தது. கைகால் முழுமையாக வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த லெனலிடோமைடு இன்று எலும்பு மச்சைப் புற்றில் வேறு இரண்டு புரதங்களுக்குக் குறி போட்டு ஆயுளை நீட்டுகிறது. பொறி ஒன்றே, புரதமும் நேரமும் வேறு. எந்தப் புரதத்தை ஒழிக்கலாம் என்று பட்டியல் போட நாம் வேகமாகக் கற்றுவருகிறோம். யார் திருடன், யார் காவலன் என்று பிரித்துப் பழகிய மனதுக்கு அது உகந்த வேலையும்கூட. உடல் இவ்வளவு காலம் பார்த்துவந்த கணக்கு அதுவல்ல. யாரை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்பது அதன் கணக்கு. அதில் நாம் இன்னும் வாய்ப்பாட்டையே கற்கவில்லை.